எம்பி எத்தனை கேள்வி கேட்டாருன்னு எண்ணுறோம், எதுக்கு ஓட்டுப் போட்டாருன்னு யாருக்குத் தெரியும்?

எலெக்‌ஷன் நேரம் வந்தா போதும், எங்க ஃபேமிலி குரூப்புல சித்தப்பா ஒரு கார்டு தட்டி விட்ருவாரு. எம்பியோட சிரிச்ச முகம், கீழ மூணு கட்டம். அட்டெண்டன்ஸ் இத்தனை சதவீதம், கேட்ட கேள்வி இத்தனை, விவாதத்துல பேசுனது இத்தனை தடவை. நம்பர் பெருசா இருந்தா "மனுஷன் உழைச்சிருக்காருப்பா", சின்னதா இருந்தா "டெல்லிக்குப் போய் தூங்கிட்டு வந்திருக்காரு". நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்துட்டு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது, நாம ஓட்டுப் போட்டு அவரை அனுப்புறதே அங்க போய் நமக்காக ஓட்டுப் போடத்தானே, அந்தக் கட்டம் மட்டும் கார்டுல காணோமே?

கார்டு டிசைன் பண்ணவன் சோம்பேறி இல்ல. அந்தத் தகவல் பெரும்பாலும் இந்த உலகத்துலயே கிடையாது. அது ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த மூணு கட்டத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துரலாம்.

அட்டெண்டன்ஸ்ங்கிறது வெறும் வருகைப் பதிவு, அவ்ளோதான். பதிவு ஆயிட்டா தினப்படி உண்டு, இப்ப அது 2,500 ரூபா. பதிஞ்சுட்டு கேன்டீன்ல உக்காந்தாலும் வருகைதான், ராத்திரி வரைக்கும் அவையில உக்காந்து பேசுனாலும் அதே வருகைதான். மந்திரிங்க வருகையே பதிய வேண்டாம், அதனால உங்க எம்பி மந்திரியா இருந்தா அந்தக் கட்டம் காலியா இருக்கும், அதைப் பார்த்து "ஒரு நாள்கூடப் போகல"ன்னு கிளப்பி விடுறவங்களும் உண்டு. மந்திரி கேள்வியும் கேக்க மாட்டாரு, அவருதான் பதில் சொல்லணும்.

கேள்வி விஷயம் இதைவிட சுவாரசியம். லோக்சபாவுல ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரம் இல்லாத கேள்வி. ராஜ்யசபாவுல 15, 160. நட்சத்திரம் போட்டதுக்கு மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், கேட்டவர் அதுமேல துணைக்கேள்வி போட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாததுக்கு பேப்பர்ல பதில், முடிஞ்சுது. பேருக்குத்தான் 20, ஒரு மணி நேரத்துல அஞ்சாறு கேள்வியைத் தாண்டுறதே பெரிய விஷயம், மிச்சத்துக்கு எழுத்துல பதில் வச்சுட்டுப் போயிருவாங்க. இதுல யாரோட கேள்வி எத்தனாவது நம்பர்ங்கிறது குலுக்கல். ஆமாங்க, சீட்டுக் குலுக்குற மாதிரிதான். பதினஞ்சு நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுத்து, எந்த மினிஸ்ட்ரிக்கு எந்தக் கிழமைன்னு பார்த்துக் குடுத்து, அப்புறம் அதிர்ஷ்டம் இருந்தா முதல் அஞ்சுல வரும். அதிர்ஷ்டம் இல்லாத எம்பி நல்ல கேள்வியா எழுதியும் மந்திரி முகத்தைப் பார்த்து கேக்காமயே ஒரு செஷனை முடிச்சுட்டு வருவாரு.

ஒரே விஷயத்தை நாலஞ்சு பேர் கேட்டா எல்லார் பேரையும் ஒரே கேள்விக்கு மேல சேர்த்துப் போடுறதும் உண்டு, அப்ப ஒரே கேள்வி அஞ்சு பேர் கணக்குல ஏறும். அதனால நானூறு கேள்வி கேட்டவர் நூறு கேட்டவரைவிட நாலு மடங்கு பெரிய ஆள்னு கணக்குப் போடாதீங்க.

கேள்வியே வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. சொல்லப்போனா அரசாங்கத்தோட வாயிலேருந்து எழுத்துல ஒரு வாக்குமூலம் வாங்குறதுக்கு இதைவிட நல்ல வழி கம்மி. 2020 செப்டம்பர்ல கொரோனாவைக் காரணம் காட்டி கேள்வி நேரத்தையே தூக்குனாங்க ஞாபகம் இருக்கா, எழுத்துப் பதில் மட்டும்தான்னு. அந்த வெறும் எழுத்துப் பதில்லதான், லாக்டவுன்ல ஊர் திரும்பும்போது செத்துப்போன புலம்பெயர் தொழிலாளிங்க எத்தனை பேர்னு கேட்டதுக்கு தொழிலாளர் துறை அப்படி ஒரு தரவே வச்சுக்கல்லன்னு சொல்லுச்சு. 1 கோடிக்கு மேல ஆளுங்க ஊர் திரும்புனாங்கன்னு கணக்கு இருக்கு, வழியில செத்தவங்க கணக்கு இல்ல. அடுத்த வருஷம் 2021 ஜூலைல ராஜ்யசபாவுல, ரெண்டாவது அலையில ஆக்சிஜன் இல்லாம எத்தனை பேர் செத்தாங்கன்னு கேட்டதுக்கு, அப்படிக் குறிப்பா எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் எங்களுக்கு ரிப்போர்ட் பண்ணலன்னு பதில். நாடே கொதிச்சுது. இதெல்லாம் பெரிய கேள்விங்க, ஆனா கேட்ட எம்பி கணக்குல இதுவும் "ஒண்ணு"தான், எங்க ஊர்ல இந்த ரயில் ஏன் நிக்கலங்கிறதும் "ஒண்ணு"தான்.

பார்லிமெண்ட் சைட்ல போய் இந்தப் பதில்களைப் படிச்சிருக்கீங்களா? நான் ஒரு மழை நாள்ல வேலை இல்லாம உக்காந்து ஒரு அறுபது எழுபது பிடிஎஃப் படிச்சேன், கண்ணு எரிஞ்சுது. எம்பி நாலு உட்பிரிவா கேட்டிருப்பாரு, பதில்ல "(அ) முதல் (ஈ) வரை"ன்னு மொத்தமா ஒரு மூட்டையா கட்டி, கீழ அந்தத் திட்டம் என்னைக்கு ஆரம்பிச்சது, எவ்வளவு உன்னதமானதுன்னு ரெண்டு பத்தி இருக்கும். (இ)ல கேட்ட விஷயத்துக்கு மட்டும் பதில் இருக்காது, நாலையும் ஒண்ணா கட்டுறதோட ரகசியமே அதான். இன்னொரு டெம்ப்ளேட் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது". இது நமக்கு மழுப்பல், அவங்க விதிப்படி அது வாக்குறுதி. மூணு மாசத்துல நிறைவேத்தணும், அதை ஃபாலோ பண்ண அரசு உறுதிமொழிக் குழுன்னே ஒண்ணு இருக்கு. அதுல வருஷக்கணக்கா தொங்குற வாக்குறுதிகளும் இருக்கு, அது வேற சோகம்.

கேள்வியை வித்தவங்களும் உண்டுங்கிறதையும் சொல்லிரணும். 2005 டிசம்பர்ல காசு வாங்கிட்டு கேள்வி கேட்டதா ரகசிய கேமராவுல சிக்குன 11 பேரை அவையை விட்டே வெளியேத்துனாங்க, லோக்சபா 10, ராஜ்யசபா 1. அவங்க எல்லாரோட கேள்வி எண்ணிக்கையும் அந்த வருஷக் கார்டுல நல்லாவே இருந்திருக்கும்.

சரி, ஓட்டுக்கு வருவோம். நம்ம சட்டசபைல சபாநாயகர் சொல்வாரே, "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க"ன்னு. ரெண்டு பக்கமும் ஒரு சத்தம், "ஆம் என்போரே அதிகம்", முடிஞ்சுது. டெல்லிலயும் அதேதான், இங்கிலீஷ்லயும் இந்திலயும். இதுதான் குரல் வாக்கெடுப்பு. பெரும்பாலான மசோதா இப்படித்தான் சட்டம் ஆகுது. யாரு ஆமான்னா, யாரு இல்லன்னா, யாரு வாயே தொறக்கல, யாரு அந்த நேரத்துல ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டாருன்னு எதுவுமே பதிவு ஆகாது. சத்தத்துக்கு ஏது பேரு.

பேரோட பதிவு ஆகணும்னா டிவிஷன் கேக்கணும். தலைவர் சொன்ன முடிவை ஏத்துக்கலன்னு ஒரு மெம்பர் சொன்னாலே அதுக்கு வழி இருக்கு. மணி அடிக்கும், மூணரை நிமிஷம், வெளிய இருக்கறவங்க ஓடி வரணும், கதவைச் சாத்துவாங்க, அவங்கவங்க சீட்டுல பட்டனை அமுக்கணும், ஆமான்னா பச்சை, இல்லன்னா சிவப்பு, ரெண்டும் வேணாம்னா மஞ்சள். போர்டுல நம்பர் வரும், யாரு எந்தப் பக்கம்னு அவைக்குறிப்புல ஏறும். அரசியல் சாசனத் திருத்தம்னா இது கட்டாயம், மூணுல ரெண்டு பங்கை எண்ணித்தானே ஆகணும். 2023 மகளிர் இட ஒதுக்கீட்டுக்கு லோக்சபாவுல 454க்கு 2, ராஜ்யசபாவுல 214க்கு 0ன்னு அவ்வளவு துல்லியமா நமக்குத் தெரியிறது அதனாலதான். சாதாரண மசோதாவுக்கு யாராவது கேட்டாத்தான் உண்டு.

கேட்டாலும் கிடைக்கணுமே. 2020 செப்டம்பர் 20, ஞாயித்துக்கிழமை. கொரோனா இடைவெளிக்காக ராஜ்யசபா மெம்பருங்களை லோக்சபா ஹால்லயும் கேலரிலயும் பிரிச்சு உக்கார வச்சிருந்த நேரம். வேளாண் மசோதா ரெண்டு ஓட்டுக்கு வருது. மசோதாவை அலசிப் பார்க்குற எம்பிங்க குழுவான தேர்வுக்குழுவுக்கு அனுப்புங்கன்னு எதிர்க்கட்சிக்காரங்க தீர்மானம் குடுத்திருந்தாங்க, அதுல திமுகவோட திருச்சி சிவாவும் ஒருத்தர். டிவிஷன் வேணும்னு கேட்டாங்க. நாற்காலில இருந்தவர் துணைத்தலைவர் ஹரிவன்ஷ். குரல் வாக்கெடுப்புலயே எல்லாத்தையும் முடிச்சுட்டாரு. அவையோட நடுப்பகுதில விதிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டுனது, மைக் உடைஞ்சது, மறுநாள் 8 எம்பி சஸ்பெண்டு ஆனது, காந்தி சிலை முன்னாடி ராத்திரி முழுக்க உக்காந்தது எல்லாம் டிவில பார்த்திருப்பீங்க. அவையில ஒழுங்கு இல்ல, டிவிஷன் கேக்கறவங்க அவங்கவங்க சீட்டுல இருந்து கேக்கணும்னு துணைத்தலைவர் தரப்புல சொன்னாங்க. அப்புறம் ராஜ்யசபா டிவி காட்சியைப் போட்டுப் பார்த்த பத்திரிகைக்காரங்க, சிவா அவர் சீட்டுலதான் இருந்தாருன்னு எழுதுனாங்க. அரசாங்கத்துக்கு அன்னைக்கு நம்பர் இருந்திருக்கலாம், இல்லாமயும் இருந்திருக்கலாம். எண்ணாம விட்டதுக்கு அப்புறம் அதை யாரு சொல்ல முடியும். வருஷம் முழுக்க டெல்லி எல்லைல விவசாயிங்க உக்காந்ததுக்கப்புறம் 2021 நவம்பர் 29 அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்குனாங்க பாருங்க, ரெண்டு அவைலயும் விவாதமே இல்லாம, அதுவும் குரல் வாக்கெடுப்புலதான். கொண்டு வந்ததுக்கும் பேர் பட்டியல் இல்ல, தூக்குனதுக்கும் இல்ல.

எண்ணுனா என்ன தெரியும்ங்கிறதுக்கு 2019 டிசம்பர் 11ஐப் பாருங்க. குடியுரிமைத் திருத்த மசோதா ராஜ்யசபாவுல 125க்கு 105. அதிமுகவோட 11 பேரும் பாமகவோட ஒருத்தரும் ஆதரவு. அந்தப் பன்னெண்டைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைங்க, 113க்கு 117. தமிழ்நாட்டுல அன்னைக்கு நைட்டே இந்தக் கணக்கு டீக்கடை வரைக்கும் வந்துருச்சு. 2021 தேர்தல் அறிக்கைல இதே சட்டத்தை வாபஸ் வாங்கச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம்னு அதிமுக எழுதுனப்ப, எல்லார் கையிலயும் அந்தப் பட்டியல் இருந்துச்சு. குரல் வாக்கெடுப்பா போயிருந்தா இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

பேச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி. அதே 2019 ஜூலைல முத்தலாக் மசோதா. லோக்சபாவுல அதிமுகவோட ஒரே எம்பி ஆதரிச்சுப் பேசுனாரு. அஞ்சு நாள் கழிச்சு ராஜ்யசபாவுல அதே கட்சி எதிர்த்துப் பேசுச்சு. எதிர்த்துப் பேசுனவங்க எதிர்த்து ஓட்டுப் போட்டாங்களான்னா, வெளிநடப்பு. 99க்கு 84ல மசோதா பாஸ். வெளிநடப்புன்னா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு கோவமா கிளம்புற மாதிரி டிவில நல்லா இருக்கும், ஆனா சாதாரண மசோதாவுக்கு அவையில இருந்து ஓட்டுப் போடுறவங்கள்ல பெரும்பான்மை இருந்தாப் போதும். எதிர்க்கறவர் எந்திரிச்சுப் போகப் போக அரசாங்கம் தாண்ட வேண்டிய வேலி தாழ்ந்துட்டே வரும். கார்டுல அன்னைக்கு அவருக்கு "விவாதம்: 1" ஏறியிருக்கும்.

ஒரு கட்சியை மட்டும் சொல்றேன்னு கமெண்ட்ல வராதீங்க, திமுகவுக்கும் வச்சிருக்கேன். 2012ல சில்லறை வணிகத்துல அந்நிய முதலீடு. திமுக எதிர்ப்புன்னு சொல்லுச்சு. டிசம்பர் 5 லோக்சபாவுல ஓட்டு வந்தப்ப, முதலீட்டை எதிர்க்கிற தீர்மானத்துக்கு 218, அதைத் தோக்கடிக்க 253, திமுக இருந்தது இந்த 253ல. கொள்கையா எதிர்க்கறோம், ஆனா மதவாதக் கட்சிக்கு வழி விட முடியாதுன்னு விளக்கம். முலாயமும் மாயாவதியும் அன்னைக்கு வெளிநடப்பு. உங்க ஊர் கடைக்காரருக்கு அந்த விளக்கம் போதுமாங்கிறது அவர் விஷயம், ஆனா பட்டன் அமுக்குன பக்கம் பதிவுல இருக்கு.

தனிப்பட்ட எம்பியை இதுல திட்டுறதுல பாதி நியாயம்தான் இருக்கு. 1985ல 52வது திருத்தமா கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்ததுலேருந்து கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போடணும்ங்கிற கட்சிக் கட்டளையை, மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாம இருந்தாலோ பதவி போயிரலாம், பதினஞ்சு நாளுக்குள்ள கட்சியே மன்னிச்சு விட்டாத்தான் பிழைப்பு. ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறுன காலத்தை நிறுத்தக் கொண்டு வந்த சட்டம், கூடவே எம்பியோட விரலையும் சேர்த்துக் கட்டிருச்சு. அதனால ஒருத்தரோட ஓட்டைப் பார்த்தா கட்சியோட முடிவு தெரியும், அவரோட மனசு தெரியாது.

மனசு தெரியற இடம் ஒண்ணு உண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் தனிநபர் மசோதா நேரம். மந்திரியா இல்லாத எந்த மெம்பரும் சொந்தமா ஒரு மசோதா எழுதிக் கொண்டு வரலாம். பெரும்பாலும் அரங்கம் காலியா இருக்கும், வெள்ளி சாயங்கால ஃப்ளைட்டைப் பிடிக்க எல்லாரும் கிளம்பிருப்பாங்க. சுதந்திரத்துலேருந்து இப்படி வந்து முழுசா சட்டம் ஆனது 14தான், கடைசியா ஆனது 1970ல.

மேல சொன்ன அதே திருச்சி சிவா, 2014 டிசம்பர் 12ல திருநங்கை, திருநம்பிகளோட உரிமைக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு. அந்த ஏப்ரல்லதான் சுப்ரீம் கோர்ட் நால்சா வழக்குல ஒருத்தரோட பாலினத்தை அவங்களே சொல்லிக்கலாம்னு தீர்ப்புக் குடுத்திருந்துச்சு. நம்ம ஊர்ல 2008லயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துட்டதால தமிழ்நாட்டு எம்பி ஒருத்தருக்கு இது தோணுனதுல ஆச்சரியம் இல்ல. வேலைல 2 சதவீத இட ஒதுக்கீடு, தேசிய ஆணையம், தனி கோர்ட்டுன்னு பெரிய மசோதா. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, ஓட்டுக்கு வந்துச்சு. சமூக நீதித் துறை மந்திரி தாவர்சந்த் கெலாட், அரசே ஏதாவது பண்ணுது, நீங்க வாபஸ் வாங்கிக்கோங்கன்னு கேட்டாரு. வழக்கமா எல்லாரும் இந்த இடத்துல "மந்திரி உறுதி குடுத்ததால"ன்னு நன்றி சொல்லிட்டு வாங்கிருவாங்க. சிவா வாங்கல, ஓட்டுக்கு விடுங்கன்னுட்டாரு. அன்னைக்கு அவையில நம்பரைப் பார்த்தா டிவிஷன் போனா அரசாங்கத்துக்குச் சங்கடம். இந்த மாதிரி விஷயத்துல அவை ரெண்டா பிரியக் கூடாதுன்னு அருண் ஜெட்லி எந்திரிச்சு சொல்ல, குரல் வாக்கெடுப்புல, எதிர்ப்பே இல்லாம மசோதா நிறைவேறிருச்சு. 45 வருஷத்துல ராஜ்யசபா ஒரு தனிநபர் மசோதாவை நிறைவேத்துனது அதான் முதல் தடவை. எல்லாரும் மேசையைத் தட்டுனாங்க.

லோக்சபாவுக்குப் போய் அது நகரவே இல்ல. அரசாங்கம் 2016ல தன்னோட மசோதாவைக் கொண்டு வந்துச்சு, அது அடிபட்டு, திருத்தப்பட்டு, ஆட்சிக்காலம் முடிஞ்சு காலாவதியாகி, 2019ல திரும்ப வந்துச்சு. இட ஒதுக்கீடு காணோம். நான் யாருன்னு நானே சொல்லிக்கறதுக்கு கலெக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும். பாலியல் கொடுமைக்குத் தண்டனை ஆறு மாசத்துலேருந்து ரெண்டு வருஷம், அதே குற்றம் ஒரு பொண்ணுக்கு நடந்தா குறைஞ்சதே பத்து வருஷம்னு இருந்த நேரத்துல. யாருக்காக எழுதுனாங்களோ அவங்களே தெருவுல நின்னு வேணாம்னாங்க. நவம்பர் 26 ராஜ்யசபாவுல இதை எதிர்த்து, தேர்வுக்குழுவுக்கு அனுப்புங்கன்னு தீர்மானம் கொண்டு வந்தது யாருன்னு நினைக்கறீங்க, சிவாவேதான். இந்தத் தடவை டிவிஷன் நடந்துச்சு. ஆதரவு 55, எதிர்ப்பு 74. தீர்மானம் தோத்துச்சு, மசோதா அன்னைக்கே பாஸ் ஆச்சு.

அந்த 55 பேர் 74 பேர் யாருன்னு அவைக்குறிப்புல தேடி எடுத்துரலாம், பேர் பேரா இருக்கும். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு ஆசை வந்துச்சு, 2015ல அந்த நல்ல மசோதாவுக்கு ஆமான்னு சொல்லி மேசையைத் தட்டிட்டு 2019ல இந்தப் பக்கம் சிவப்பு பட்டனை அமுக்குனவங்க எத்தனை பேருன்னு ரெண்டு லிஸ்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு. 2015 ஏப்ரல் 24 குறிப்பைத் திறந்தேன். கடைசி பக்கத்துல, தீர்மானம் ஏற்கப்பட்டதுன்னு ஒரே ஒரு வரி.